நடக்கிற ஆளுக்கு ஒரு பை

"உந்தத் தோளிலை பை நிக்காது, பிள்ளை. வழுக்கி விழுந்துபோம்."

நல்லூரில் அந்த வீட்டுக் கேற்றைத் திறந்து நான் முதன்முதலாக உள்ளே போனபோது அன்ரி சொன்ன முதல் வார்த்தை அதுதான். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே என் சரிந்த தோளையும், ஒரு வாரில் தொங்கிய புத்தகப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எந்த வகுப்போடை நிப்பாட்டிறதா யோசினை?" என்று கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. குருநகரில் எங்கள் வீட்டில் எல்லாரும் பாரம் தூக்கியவர்கள்தான். அப்பா வலை தூக்கினார். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்று படகு எஞ்சினைத் தூக்கினான். அம்மா தலையில் மீன் கடகம் தூக்கினா. தன் பெயரை எழுத இன்றைக்கும் அவவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பை தூக்கியது நான் ஒருத்திதான்.

"நிப்பாட்டிறதுக்கு நான் வரேல்லை அன்ரி," என்றேன்.

"பாப்பம். முதல் இரண்டு வாரையும் போடு."

அவருடைய மகன்மார் இருவரும் கனடாவில் இருந்தார்கள். தனியாக இருக்கிற தாய்க்கு இரவில் துணைக்குப் படுக்க ஒரு பிள்ளை வேண்டும் என்று எங்கள் ரியூசன் ஆசிரியரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அங்கே உயர்தரப் பாடங்களைப் படிப்பதென்றால் எல்லாரும் கடலுக்கோ கோயிலுக்கோ போன பிறகுதான் முடியும். அன்ரி வீட்டில் எனக்குப் பின்னறையும் ஒரு மேசையும் கிடைத்தன. அவருக்குத் துணை கிடைத்தது. அவ்வளவுதான் ஏற்பாடு. முதல் கிழமை என் தேத்தண்ணிக் கோப்பை குசினி யன்னலில் தனியாக இருந்தது. அதை நான் கண்டதை அவரும் கண்டார். அடுத்த கிழமை அது மற்றக் கோப்பைகளோடு ஒரே தட்டில் கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

எதைக் கண்டாலும் தூக்கிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. சந்தையில் பூசணிக்காயை விலை கேட்குமுன் தூக்கிப் பார்ப்பார். எங்கள் ஒழுங்கையால் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளை மறித்து, முதுகுக்குப் பின்னால் நின்று, பையின் கொளுவியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்குவார். "என்ன, அரிசி மில்லுக்கோ போறாய்?" என்று கேட்பார். பிள்ளைகள் அவரைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போகத் தொடங்கினார்கள்.

என் பையை அவர் தினமும் குறைத்தார். குடை வெளியே வந்தது. இரண்டாவது தண்ணிப் போத்தல் வந்தது. உயர்தரச் சோதனைக்குப் போன முதல்நாள் காலை, கடைசி நேரத்தில் புரட்ட நான் வைத்திருந்த தடித்த கொப்பிகள் எல்லாம் வந்தன. எழுதுகோல்களையும் அடையாள அட்டையையும் மட்டும் உள்ளே விட்டார்.

"அன்ரி, போற வழியிலை பாக்கிறதுக்கு..."

"போற வழியிலை வழியைப் பார்."

பெறுபேறு வந்து, எனக்குக் கம்பஸ், பல்கலைக்கழகம், கிடைத்தது என்று சொன்னபோதும் அவர் வாழ்த்தவில்லை. "கம்பஸ் எண்டால் புத்தகம் இன்னும் பாரம்," என்றார். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் எனக்காகக் கொழுக்கட்டை அவித்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது, நான் அங்கே போய்ச் சில மாதங்களில் தெரிந்தது. அவர் ஒரு பை தேடிக்கொண்டிருந்தார். அதுவும் கோல்ஃப் விளையாடுகிறவர்கள் கொண்டு போகிற பை.

கணவரோடு கனடா போய், ரொறன்ரோவில் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியே அவருடைய வயது போனது. அங்கே அவரோடு நின்றவர்கள் ஒரு இத்தாலிக்காரி, ஒரு சீனக்காரி, ஒரு ஜமேக்காக்காரி. கோடை வந்தால் வேலை முடிந்து நாலு பேரும் நகரசபையின் கோல்ஃப் மைதானத்துக்குப் போவார்களாம். பொழுதுபடுகிற நேரம் அங்கே கட்டணம் குறைவு. மைதானம் என்றால் எங்கள் பள்ளிக்கூட மைதானம் போல இல்லை. சிற்றாறும் மேடும் மரக்கூட்டமுமாக மைல் கணக்கில் கிடக்கும் புல்வெளி. பந்தைத் தடியால் அடித்துவிட்டு அது விழுந்த இடத்துக்கு நடக்க வேண்டும். அங்கிருந்து அடித்துவிட்டு, அது குழிக்குள் விழும்வரை இன்னும் நடக்க வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி. தடிகள் பலவகை, எல்லாவற்றையும் ஒரு நீளப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். வசதியானவர்கள் சின்ன வண்டி எடுத்து அதில் பையை ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள். இவர்கள் நாலு பேரும் நடந்தார்கள்.

"நீங்கள் நல்லா அடிப்பியளோ அன்ரி?"

"நானோ? என்ரை பந்து ஒருநாளும் சொன்ன இடத்துக்குப் போனதில்லை. எங்கை போனாலும் நடந்துதானே எடுக்கவேணும். எனக்கு அது காணும்."

வீடு, தொழிற்சாலை, பிள்ளைகள், கணவரின் வருத்தம். இவற்றில் எதுவும் இல்லாமல் தன் கால் தன்பாட்டில் நடந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று ஒருமுறை சொன்னார். ஏழாவது குழிக்குப் போகிற வழியில் ஒரு ஓடை இருக்கும், அதில் தாராக்கள் வழியை மறித்துக்கொண்டு நிற்கும், சீனக்காரி அவற்றோடு சண்டை பிடிப்பா என்று சொல்லும்போது அவருடைய முகம் இளகிவிடும்.

ஆனால் அவருக்கென்று ஒரு நல்ல பை இருந்ததில்லை. யாரோ கழித்துவிட்ட பழைய பையைத்தான் சுமந்தார். அது வண்டியில் ஏற்றுகிறதற்காகச் செய்த பை. வெறும் பையே கனம். ஒரே ஒரு வார். வலது தோள் இறங்கிப்போனதே அதனால்தான் என்றார். கனடாவுக்குத் திரும்பிப் போனதும் முதல் வேலை, நடக்கிற ஆளுக்கென்று செய்த பை ஒன்று வாங்குவது. அதை இங்கிருந்தே தெரிந்து வைக்க வேண்டும்.

அவருக்கு ஆங்கிலம் கதைக்க வரும், வாசிக்கப் பஞ்சி. சாப்பிட்டு முடிந்ததும் தன் ரப்பில், அந்தக் கைக்கணினியில், பைகளின் விளம்பரங்களைத் திறந்து கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். நான் வாசிப்பேன். அவர் தீர்ப்புச் சொல்வார்.

"இதிலை பதினாலு பொக்கற் இருக்காம் அன்ரி."

"பதினாலோ? உள்ளுக்கை குடும்பம் நடத்தப் போறமே? தள்ளு."

"இதுக்குள்ளை மழைத்தண்ணி போகாதாம்."

"மழையெண்டால் வீட்டை போகவேண்டியதுதானே. தள்ளு."

"இதுக்கு இரண்டு கால் இருக்கு. நிலத்திலை வைச்சால் தானாய் விரிஞ்சு நிக்குமாம்."

"அது வேணும். ஒவ்வொரு தடிக்கும் குனிஞ்சு குனிஞ்சு எடுத்தால் பாதி வழியிலை நாரி போயிடும். வாரைச் சொல்லு."

"இரண்டு வார். மெத்தை வைச்சிருக்கு. இடுப்பிலை படுற இடத்திலையும் ஒரு மெத்தை."

"வெறும் பை என்ன பாரம்?"

"இரண்டு கிலோவுக்குக் கிட்ட."

"கிட்ட எண்டால் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ?"

ஒரு பையைப் பிடித்துவிட்டதென்று நினைத்தால் மறுநாள் அதில் குற்றம் கண்டுபிடிப்பார். வாரின் கொளுவி நெஞ்சுக்கு நேரே வருகிறது. தடிகள் ஒன்றோடொன்று இடிபடாமல் இருக்கப் பையின் வாயில் தடுப்பு இல்லை. தண்ணிப் போத்தலை நடந்தபடி எடுக்க முடியாத இடத்தில் வைத்திருக்கிறான். "வண்டியிலை போறவனுக்கு எந்தப் பையும் பை. அவனோ தூக்கிறான்? நடக்கிற ஆளுக்கு ஒவ்வொரு பொக்கற்றும் ஒரு கல்லு," என்பார்.

பாரத்தை உடம்பில் ஏற்றிப் பார்க்காமல் முடிவெடுக்க அவரால் முடியாது. ஒரு உரப்பையில் தும்புத்தடி, கொக்கத்தடி, உடைந்த மண்வெட்டிப் பிடி எல்லாவற்றையும் போட்டு, பழைய சேலைக்கரையால் இரண்டு வார் கட்டினார். விடியக்காலையில் அதை முதுகில் மாட்டிக்கொண்டு வளவைச் சுற்றி நடப்பார். கிணற்றடி வாய்க்கால்தான் ஓடை. கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் எட்டாவது குழி. கோழிகள் குறுக்கே வந்தால் தாரா என்று வைத்துக்கொள்வார்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து மாமி இதைப் பார்ப்பதற்கென்றே அந்த நேரம் பூப்பறிக்க வருவா.

"என்ன அக்கா, தோட்டத்துக்கோ?"

"பழகிறன். ஏப்ரலிலை போறன். அங்கை மைதானம் அப்பதான் திறப்பினம்."

"எந்த ஏப்ரல்?"

அன்ரி நிற்காமல் நடந்தார். அந்த மாமி என்னைக் கூப்பிட்டு, "நீ எந்த இடம் பிள்ளை?" என்று கேட்டா. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் வாய் திறக்குமுன் கிணற்றடியிலிருந்து அன்ரியின் குரல் வந்தது. "கடல் இருக்கிற இடம். உங்களுக்கு என்ன மீன் வேணும்?"

"எந்த ஏப்ரல்?" என்ற அந்த மாமியின் கேள்வி நியாயமானதுதான் என்பது எனக்குப் பிறகு விளங்கியது. கணவர் இறந்த பிறகு, இந்த வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருந்த ஒரு சிக்கலை நேரில் நின்று தீர்க்கச் சொல்லித்தான் பிள்ளைகள் அவரை இங்கே அனுப்பினார்கள். சில மாதங்கள் என்றார்கள். அதற்குள் அங்கே இருந்த வீட்டை விற்று, அவருடைய சாமான்களை மூத்தவர் வீட்டில் ஒரு அறையில் போட்டார்கள். மூத்தவர் ஒருமுறை வந்தபோது, காலம் முடியப்போகிறது, புதுப்பித்து அனுப்புகிறேன் என்று தாயின் நீலக் கனடாப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார். அது நான் வருவதற்கு முந்திய கதை. நான் வந்த பிறகும் பாஸ்போர்ட் வரவில்லை.

மூத்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பார். அன்ரி போனைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

"அம்மா, இஞ்சை இன்னும் ஸ்னோ கரையேல்லை. இப்ப வந்து என்ன செய்யப் போறியள்? உங்கையே இருங்கோ, சூடா இருக்கும்."

"ஓம் மோனை. பேந்து பாப்பம்."

போனை வைத்துவிட்டு ரப்பை எடுத்து எனக்குக் காட்டுவார். ரொறன்ரோவில் இன்றைக்கு நல்ல வெயில் என்று அதில் இருக்கும். "எந்த ஸ்னோ?" என்று என்னிடம் கேட்பார். மகனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் மகன் வேறொரு காரணம் சொல்லுவார், அதற்கு மறுமொழி தன்னிடம் இருக்காது என்று பயந்தார் என நினைக்கிறேன்.

"நீங்களே இஞ்சை பாஸ்போர்ட்டுக்குப் போட்டு, ரிக்கற் எடுத்துப் போங்கோவன் அன்ரி. நான் எல்லாம் நிரப்பித் தாறன்," என்று நான் ஒருமுறை சொன்னேன். எனக்கு அப்போது ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டது. எதையும் நிரப்பிவிடலாம் என்ற திமிர் இருந்தது.

"போய் எந்தக் கதவைத் தட்டிறது பிள்ளை?" என்று கேட்டார்.

நான் கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒருவழியாகப் பை தெரிவானது. சாம்பல் நிறம், பச்சை வார். இரண்டு கால், நாலே நாலு பொக்கற். படத்தை மகனுக்கு அனுப்பச் சொன்னார். அந்த ஞாயிறு குரலில் ஒரு உறுதியோடு கதைத்தார்.

"மோனை, உந்தப் பையை வாங்கி என்ரை அறையிலை வை. இஞ்சை அனுப்பாதை. நான் வந்து தூக்கிறன்."

"ஓமம்மா. வாங்கிறன்."

மகன் இவ்வளவு கெதியாக ஒன்றுக்கு ஓம் சொன்னதை நான் கேட்டதில்லை. அந்த மாதம் முழுக்க அன்ரி நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு சுற்று அதிகமாக நடந்தார். மதிலுக்கு மேலாக அந்த மாமியிடம், "பை வாங்கியாச்சு. அறையிலை இருக்கு," என்று தானாகப் போய்ச் சொன்னார்.

பிறகு கார்கோப் பெட்டி வந்தது.

வெளிநாட்டிலிருந்து ஒரு வீட்டுக்குப் பெட்டி வந்தால் அக்கம்பக்கம் வந்து நின்று பார்ப்பது எங்கள் வழக்கம். சொக்லேற்றும் சவர்க்காரமும் பங்கு போகும். மாமி தன் மருமகளோடு வந்துவிட்டா. ஆள் உயரப் பெட்டி. நான் கத்தியால் வெட்டித் திறந்தேன். உள்ளே கறுப்பும் சிவப்புமாக ஒரு மிகப்பெரிய கோல்ஃப் பை நின்றது.

"மகன் அனுப்பிப்போட்டானே அக்கா," என்றா மாமி. "குடுத்து வைச்ச தாய்."

அன்ரி கிட்டப் போய் ஒரு கையால் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. ஒரே வார். காலில்லை. நாங்கள் எத்தனையோ முறை தள்ளு தள்ளு என்று தள்ளிய, வண்டியில் ஏற்றுகிற பை. உள்ளே ஒரு தடிகூட இல்லை. தடி போடுகிற வாயில் அவருடைய குளிர்கோட்டுகள் இரண்டைச் சுருட்டித் திணித்திருந்தார்கள்.

பிறகு அவர் நிலத்தில் இருந்து பொக்கற்றுகளைத் திறக்கத் தொடங்கினார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சின்னதாக, தட்டையாக, நீல நிறத்தில் ஒன்று. ஒரு பொக்கற்றில் கம்பளிக் கையுறைகள். ஒன்றில் தொழிற்சாலையில் தேத்தண்ணி குடித்த குவளை. ஒன்றில் பஸ் அட்டையும் ஒரு கட்டுப் படங்களும். நீளப் பொக்கற்றில் அவர் மைதானத்தில் போடுகிற சப்பாத்து. அதன் அடியில் காய்ந்த புல் இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு துணுக்கை நகத்தால் கிளப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திரும்ப அடுத்த பொக்கற்றின் சிப்பை இழுத்தார். மாமி சொக்லேற்றுக்காகக் காத்து நின்றா.

கடைசிப் பொக்கற்றில் அவருடைய கணவரின் மூக்குக்கண்ணாடி இருந்தது.

அவருடைய அறையில் இருந்த எல்லாம் வந்துவிட்டது. அங்கே இனி அவருடையதென்று ஒன்றும் இல்லை.

"இது நடக்கிறதுக்கான பை இல்லை," என்றார் அன்ரி. ஞாயிற்றுக்கிழமை மகன் கேட்டபோது, "வந்தது மோனை. வடிவான பை," என்றார். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த நாள் விடிய அவர் உரப்பையை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ரப்பைத் திறக்கவில்லை. என் பையைத் தூக்கிப் பார்க்கிறதையும் விட்டுவிட்டார். நான் வேண்டுமென்றே தடித்த புத்தகங்களாக அடுக்கி, அவர் முன்னால் அவற்றைச் சுமக்க முடியாமல் நடந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கீரை ஆயப் போனார். அவர் வாயைத் திறந்து என்னைக் குறை சொல்லமாட்டாரா என்று நான் ஏங்கிய காலம் அது. அவர் சாப்பிடுகிறாரில்லை என்று மூத்தவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "தங்கச்சி, நீங்கள் உங்கடை படிப்பைப் பாருங்கோ. இது எங்கடை குடும்ப விசயம்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

உறுதிச் சிக்கல் தீர்ந்ததும் மூத்தவர் ஒரு கிழமை வந்து நின்று வீட்டை விற்க ஒழுங்கு செய்தார். தாயைத் தீவுப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார். வீடு கைமாறும்வரை என்னை அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார். இல்லத்தில் ஒரு சூட்கேசுக்குத்தான் இடம். வான் வண்டியில் ஏறுமுன் அன்ரி மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்கை நடக்க இடம் இருக்கோ?"

"எல்லாம் இருக்கம்மா," என்றார் மகன்.

நான் போன மாதம் போய்ப் பார்த்தேன். வளவு இருக்கிறது, வேம்புகளும் இருக்கின்றன. ஆனால் அன்ரி விறாந்தையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். மெலிந்துபோயிருந்தார். இறங்கின வலது தோள் இன்னும் இறங்கியிருந்தது. பராமரிக்கிற பெண், "செருப்போடை நடக்க விடேலாது. விழுந்தால் நாங்கள்தான் மறுமொழி சொல்லவேணும். நல்ல சப்பாத்து ஒண்டு இருந்தால் பின்னேரத்திலை கொஞ்சம் விடலாம்," என்றா.

"உங்கடை சப்பாத்தைக் கொண்டந்து தரட்டே அன்ரி?"

"வேண்டாம். எங்கை போறதுக்கு?"

அவ்வளவுதான் கதைத்தார். நான் எழும்பும்போது ஒரு வாரில் தொங்கிய என் பையைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்து நின்றேன். பார்வை திரும்பச் சுவருக்குப் போய்விட்டது.

இன்றைக்கு வீட்டை வாங்கியவரின் ஆட்கள் வந்தார்கள். என் சாமான்களை அண்ணன் முந்தநாளே ஓட்டோவில் கொண்டுபோய்விட்டான். மிச்சம் இருந்தது என் முதுகுப் பையும், கூடத்து மூலையில் அந்தப் பெரிய பையும்தான். "உதுவும் உங்கடையோ தங்கச்சி? இல்லாட்டி எறியிறம்," என்றார் ஒருவர்.

நான் நிலத்தில் இருந்து என் பையைத் திறந்தேன். உள்ளே இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். இறுதி வருடப் பாடப் புத்தகங்கள். எங்கள் வீட்டில் வேறு யாரும் தொட்டிராதவை. அவற்றைக் கட்டி, மாலையில் எடுக்கிறேன் என்று மதிலுக்கு மேலாக அந்த மாமியிடம் கொடுத்தேன். பிறகு பெரிய பையின் நீளப் பொக்கற்றிலிருந்து சப்பாத்தை எடுத்து என் பையில் வைத்தேன். கடைசிப் பொக்கற்றிலிருந்து கண்ணாடியையும் எடுத்து வைத்தேன். வேறொன்றும் எடுக்கவில்லை. சப்பாத்தின் அடியை நான் தட்டவில்லை, கழுவவில்லை.

அவர் அதைப் போடமாட்டார். எனக்கு அது தெரியும். போட்டாலும் அந்த வேம்புகளுக்கு அப்பால் போக ஒரு இடமும் இல்லை. தீவுப் பக்கத்து பஸ் மத்தியானத்துக்கு முன் ஒன்றுதான்.

இரண்டு வாரையும் போட்டேன். கேற்றைச் சாத்திவிட்டு ஒழுங்கையில் இறங்கிவிட்டேன்.